இழவுக்கு மட்டும் அழைக்கப்படும் கவிதை

வெண்மணி நாள் நினைவுரை



1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அறுவடைக்குக் கூடுதல் கூலி கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும்தான் அந்த மக்கள் செய்த குற்றம். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. இதை ஆண்டுதோறும் சொல்கிறோம். இனியும் சொல்வோம்.

இன்றைய உரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் கவிதை வாசிப்பு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் தெருக்களிலேயே இருக்கும் கவிஞர்கள் எங்கே வாசிக்கிறார்கள், யாருக்கு வாசிக்கிறார்கள், எப்போது வாசிக்கக் கூப்பிடப்படுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நினைவு நாளில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நினைவு நாளில்தான் இதைப் பேச வேண்டும். ஏன் என்பதைச் சொல்கிறோம்.

தலைவர் வரும் வரை

நம் ஊர்க் கவிஞர்கள் எந்தெந்த நாட்களில் மேடை ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 14, டிசம்பர் 6, இன்றைய டிசம்பர் 25. இவை போக, எங்காவது ஒரு பிள்ளை கொல்லப்பட்டால், ஒரு தெரு கொளுத்தப்பட்டால், அதற்கான கண்டனக் கூட்டம். ஆண்டில் மூன்று நாளும், அதற்கு மேல் எத்தனை சாவோ அத்தனை நாளும்.

அந்த மேடையில் கவிஞருக்கு என்ன இடம் என்பதும் நமக்குத் தெரியும். சவுண்டு சர்வீஸ்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்து முடித்ததும், ‘தலைவர் வண்டி பாடாலூர் தாண்டிவிட்டது, அதுவரைக்கும் கவிஞர் வாசிக்கட்டும்’ என்று யாராவது சொல்வார்கள். கவிஞர் வாசிப்பார். நாலாவது வரியில் வாசலில் வெடி வெடிக்கும், மேளம் கேட்கும். கூட்டம் எழுந்து அந்தப் பக்கம் திரும்பும். கவிஞர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்குவார். அவருக்கும் ஒரு சால்வை உண்டு.

இப்படி அழைக்கப்படுகிறவர் என்ன எழுதுவார்? அந்த மேடைக்கு எது பொருந்துமோ அதைத்தான் எழுதுவார். இரங்கல், கண்டனம், சூளுரை. இருபது வரிக்குள் கைதட்டல் வர வேண்டும். இதனால் நம்மவர்கள் பலரிடம் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று மேடைக்கு. இன்னொன்று டிரங்குப் பெட்டியில். அந்த இரண்டாவது நோட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்கள் இருக்கும். சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகளின் தூசி இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன அக்கா தீபாவளிக்கு வந்தபோது வாங்கி வந்த சட்டை இருக்கும். காதல் இருக்கும், கேலி இருக்கும், மழை இருக்கும். அதை வாசிக்க நாளும் இல்லை, இடமும் இல்லை.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்: நம் கவிதை இழவு விழுந்தால் மட்டும் வெளியே வருகிறது.

பறைக்கு நடந்தது

ஒரு கலையை இழவோடு கட்டிப் போடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்ற பெயர்கள் வருகின்றன. எங்கே வருகின்றன? வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில், சுடுகாட்டோடு ஒரே வரிசையில். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மைப் பற்றிக் கல்லில் வெட்டியவர்கள் நம்மைச் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுதினார்கள்.

பறையும் அப்படித்தான். ஊர்ச்சாவுக்கு அடிக்க வேண்டும் என்பது கட்டாயம். கூலி அவர்கள் தருவதுதான். மறுத்தால் அடி, ஊர்விலக்கு. நமக்குப் பக்கத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் முன்னின்று, இனி உங்கள் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையை மறுக்கச் செய்தார்கள். 1969-இல் தீண்டாமை பற்றி ஒன்றிய அரசுக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் அதே இளையபெருமாள்தான். பறையை இழிவென்று நினைத்தவர்கள் அல்ல அவர்கள். கட்டாயத்தை அறுத்தார்கள்.

அதன் பிறகுதான் அதே பறையை இன்னொரு தலைமுறை வேறு விதமாகக் கையில் எடுத்தது. கே. ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார். 1990-களின் தலித் கலை விழாக்களில் பறை முன்வரிசைக்கு வந்தது. இன்று கல்லூரி மாணவிகள் வகுப்பு வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலுவுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. பறை சாவு வீட்டிலிருந்து வெளியே வருவதற்கு முதலில் ஒரு மறுப்பு தேவைப்பட்டது. பிறகு, சாவு இல்லாத நாளில் அடிப்பதற்கென்று ஒரு மேடை தேவைப்பட்டது.

கவிதைக்கு அந்த இரண்டாவது வேலையை நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை. பறையை ஊர்ச்சாவுக்குக் கட்டாயப்படுத்தினார்கள். கவிதையை நம் சொந்தச் சாவுகளுக்கு நாமே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இதை நாங்கள் துக்கத்துக்கு எதிராகச் சொல்லவில்லை. ஒப்பாரி நம் அம்மாக்களின் பெருங்கலை. செத்தவர் உழுத நிலம், கட்டிய வீடு, பட்ட கடன், கொடுத்த சொல் எல்லாவற்றையும் அதில் அடுக்குவார்கள். ஒப்பாரி ஒரு முழு வாழ்க்கையைச் சொல்கிறது. நம் கண்டன மேடைக் கவிதையோ பெரும்பாலும் சாவை மட்டும் சொல்கிறது. அங்கேதான் நாம் எதையோ இழக்கிறோம்.

அனிதாவும் ரோகித்தும்

இந்த அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவைச் சொல்லாமல் இங்கே யாரும் பேச முடியாது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 12-ஆம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண். நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க அவரைப் பற்றிக் கவிதைகள் எழுதப்பட்டன. எழுதியவர்களின் கண்ணீர் பொய்யில்லை.

ஆனால் அந்த 1176 எப்படி வந்தது என்பதற்குள் எவ்வளவு இருக்கிறது! ஒரு சின்ன வீட்டில் உட்கார்ந்து வேதியியல் படிப்பது எப்படி இருக்கும்? அதிகாலையில் யார் எழுப்பிவிட்டார்கள்? ஒரு கணக்கு சரியாக வந்ததும் வரும் சிரிப்பு எப்படிப்பட்டது? இதை எழுதக்கூடியவர்கள் வெளியூரில் இல்லை. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவிகள்தான். அவர்கள் அந்த வாழ்க்கையை இன்று வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைக் கேட்க, யாரும் சாகாத ஒரு சாதாரண சனிக்கிழமை வேண்டும்.

குழுமூரில் அனிதா பெயரில் நூலகம் எழுந்திருக்கிறது. அது நமக்கு ஒரு பாடம். நினைவு நாள் ஆண்டுக்கு ஒரு முறை வரும். நூலகம் ஆண்டு முழுக்கக் கதவு திறக்க வேண்டிய இடம். நினைவைக் காப்பதற்கு அதுவே நல்ல வடிவம்.

ரோகித் வெமுலாவையும் நினைத்துப் பாருங்கள். 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அவர் இறந்தார். விட்டுச் சென்ற கடிதத்தில், தான் கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியதைச் சொல்லியிருந்தார். நட்சத்திரங்களைப் பற்றி எழுத நினைத்த ஒருவர். அவர் சாவைப் பற்றி நாம் நிறைய எழுதினோம். அவர் எழுத நினைத்ததை எழுத நம் பிள்ளைகளுக்கு யார் இடம் கொடுத்தார்கள்?

இந்த மண்ணில் அதற்கு வேண்டிய அளவு இருக்கிறது. சாத்தனூர்க் கல்மரம் 12 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள், நீளம் 18 மீட்டர். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடல். அதனால்தான் இங்கே சுண்ணாம்புக்கல், அதனால்தான் சிமெண்ட் ஆலைகள், அதனால்தான் குழந்தைகளுக்குக்கூடக் கல்லாகிப்போன கிளிஞ்சல் கிடைக்கிறது. சுரங்கக் குழியில் வேலை செய்யும் நம் ஆளின் கையில் அந்தக் கிளிஞ்சல் அகப்படும்போது அவர் என்ன நினைத்தார்? புவியியலாளர் எழுதிய கட்டுரை இருக்கிறது. குழியில் இறங்கியவர் எழுதிய கவிதையும் இருக்க வேண்டும். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990-களில் நிலம் எடுத்தார்கள். ஆண்டுகள் போயின, சுரங்கம் வரவில்லை. அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்? பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீட்டு வழக்காவது இருந்தது. கூலிக்காரருக்குக் கணக்கே இல்லை. இதெல்லாம் சாவு இல்லை, வாழ்க்கை. இதற்கு மேடை வேண்டும்.

கிழமை தவறாமல் வருவது

நம் வரலாற்றில் எது நிலைத்தது என்று பார்த்தால், பெரிய விழாக்களைவிடக் கிழமை தவறாமல் நடந்தவைதான் நிலைத்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். 1914-இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் வந்தது. அந்த வாரத் தொடர்ச்சிதான் இன்று நம் கையில் பெரும் தொகுதிகளாக இருக்கிறது. அதில் இரங்கல் மட்டுமா இருந்தது? மருத்துவம், இலக்கணம், பௌத்தம், விழாக்களின் வரலாறு, அன்றைய செய்தி என எல்லாம் இருந்தது.

கேரளத்தில் பொய்கையில் அப்பச்சன் 1909 வாக்கில் பிரத்தியட்ச ரட்சா தைவ சபையைத் தோற்றுவித்தார். அடிமைப்பட்ட முன்னோரின் கதையைப் பாட்டாகப் பாடினார். 1939-இல் அவர் இறந்தார். அந்தப் பாட்டுகள் தொலைந்துபோகவில்லை. சபை கூடும்போதெல்லாம் பாடிப் பாடி அந்த மக்களின் வாயில் இருந்தன. அச்சு பிறகுதான் வந்தது. கூடுவது நிற்காததால் பாட்டும் நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா சவரத் தொழிலாளி. 1966-இல் ‘மல்லிகை’ மாத இதழைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். எழுத்தாளர்கள் அவருடைய சலூனைத் தேடி வந்தார்கள். மண்டபம் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் அந்த சலூனை நினைத்துக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டின் பொது இலக்கிய உலகிலும் கவிதையைக் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்த மரபு உண்டு. திராவிட இயக்கம் கவியரங்கத்தை மாநாட்டுப் பந்தலுக்குக் கொண்டுவந்தது. 1975-இல் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் கலை இரவுகளை விடிய விடிய நடத்தியது. இவற்றிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. கவியரங்கத்தில் தலைவர் உண்டு, தலைப்பு உண்டு. தலைப்பை மேலிருந்து கொடுப்பார்கள், கவிஞர்கள் வரிசையாக அதற்கு எழுதி வருவார்கள். நமக்கு வேண்டியது தலைப்பு கொடுக்காத ஒரு வாசிப்பு. இன்று நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் வேர்ச்சொல் தலித் இலக்கியக் கூடுகை போன்றவை மாநில அளவில் பெரிய கதவைத் திறந்திருக்கின்றன. அந்தக் கதவு வரை போகத் தயாராகும் இடம் நம் ஊரில் இருக்க வேண்டும். வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ இருக்கும் ஒரு பிள்ளை தன் முதல் கவிதையை மாநிலக் கூடுகையில் வாசிக்க முடியாது. தன் தெருவில் வாசிக்க முடியும்.

போராட்டம்தானே முக்கியம், கவிதை பிறகு என்று சொல்கிற தோழர்களுக்கு ‘மனுசங்கடா’வை நினைவூட்டுகிறோம். இன்குலாப் எழுதியது, கே. ஏ. குணசேகரன் பாடியது. எழுதியவர் பெயர் தெரியாத ஊர்களிலும் அந்தப் பாட்டு தெரியும். தலித் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச் செல்லும் உரிமை பற்றி அம்சன் குமார் எடுத்த படத்துக்கும் அதே பெயர். அந்தப் பாட்டு புத்தக அலமாரியிலிருந்து மக்களிடம் போகவில்லை. வாயிலிருந்து காதுக்குப் போனது. திரும்பத் திரும்பப் பாடப்பட்டதால் போனது.

ஆறாவது மாதம் யார் போகிறார்கள்?

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. இப்படி ஒரு தாக்குதல் நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இங்கே உள்ள களப்பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உண்மை அறியும் குழு வரும், தலைவர்கள் வருவார்கள், கேமராக்கள் வரும், கவிஞர்களும் வருவார்கள். பத்து நாளில் எல்லாரும் போய்விடுவார்கள். உடைந்த ஓட்டை மாற்றுவதும், வழக்கு வாய்தாவுக்குப் போவதும், எதிர்த்தெருவில் கடை வைத்திருப்பவரிடம் மறுபடி பேச ஆரம்பிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதும் அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்ட தெருவுக்கு ஆறாவது மாதம் யார் போகிறார்கள்? அங்கே போய் உட்கார்ந்து ஒரு கவிதை வாசித்தால், கேட்கிறவர் சொல்வார்: ‘அப்படி இல்லப்பா, அன்னைக்கு நடந்தது வேற.’ அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கவிதையை அங்கே கொண்டுபோக வேண்டும். யாருக்கு நடந்ததோ அவர் முன்னால் வாசிக்கும்போது கவிதையில் பொய் நிற்காது. கீழவெண்மணியில் தப்பிப் பிழைத்தவர்கள் தங்கள் வாயால் சொன்னதை பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தில் கேட்டோம். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து. அதற்கு முன்பே வெண்மணி பற்றி நாவல் வந்தது, விருதும் வாங்கியது. கருகிய வீட்டில் மிஞ்சியவர்கள் மட்டும் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். இனி ஒரு தெருவும் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.

நாங்கள் முன்வைப்பது

எனவே பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து மாதம் ஒரு கவிதை வாசிப்பு நடத்த முன்வருகிறோம். மாவட்ட எல்லையை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001-இல் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், 2002-இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007-இல் திரும்பப் பிரித்தார்கள். அந்தக் கோடு இத்தனை முறை நகர்ந்தது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் கோடு ஒரு முறையும் நகரவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பத்துப் பேரில் மூன்று பேர் பட்டியல் சாதியினர். இவ்வளவு பேர் வாழும் இடத்தில் மாதம் ஆறு கவிஞர்கள் கிடைக்க மாட்டார்களா?

நடத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

நாள்: ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை. எந்த நினைவு நாளோடும் இதைச் சேர்க்க மாட்டோம். அந்த மாதத்தில் ஒரு கொடுமை நடந்தால் அதைப் பற்றிய கவிதையும் அங்கே வாசிக்கப்படும். ஆனால் அதற்காக மற்ற கவிதைகள் தள்ளிவைக்கப்பட மாட்டா.

நேரம்: மாலை 4 முதல் 6 வரை. இரவுக் கூட்டம் என்றால் பெண்கள் வர முடியாது, வந்தாலும் பாதியில் எழுந்து போக வேண்டும். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வண்டி ஓடும் நேரத்துக்குள் வாசிப்பு முடிய வேண்டும்.

இடம்: முதல் ஆறு மாதம் காலனிகளில். சமுதாயக் கூடம், பள்ளி வராந்தா, மரத்தடி, எது கிடைக்கிறதோ அது. அடுத்த ஆறு மாதம் கிளை நூலகத்தில், ஊராட்சி அலுவலக வாசலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். பொது இடம் எல்லாருக்கும் பொது என்பது சட்டத்தில் இருக்கிறது. அதில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தால்தான் அது நடைமுறையில் இருக்கிறதா என்று தெரியும். மேடை கிடையாது, ஃப்ளெக்ஸ் கிடையாது, சால்வை கிடையாது. முப்பது பேருக்கு மைக்கும் தேவையில்லை. செலவு தேநீருக்கு மட்டும்.

வாசிப்பவர்: ஆறு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். மூன்று பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இரண்டு பேர் இதுவரை எங்கும் வாசிக்காதவர்களாக இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னால் மாணவர் ஒருவர் எழுதிக்கொள்வார். நடவுப்பாட்டோ தாலாட்டோ தானே கட்டியதாக இருந்தால் அதுவும் கவிதைதான். தலைப்பு யாருக்கும் கொடுக்கப்படாது.

கேட்பவர்: வாசித்து முடிந்ததும் முதல் பேச்சு அந்தத் தெருக்காரர்களுக்கு. விமர்சகர் இருந்தால் கடைசியில் பேசட்டும். செட்டிக்குளம் பக்கத்தில் வெங்காயக் காட்டில் வேலை செய்கிற ஒரு அம்மாவுக்கு, வெங்காயத்தைப் பற்றிய கவிதையில் எந்தச் சொல் தப்பு என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பதிவு: ஒரு நோட்டு. ஒவ்வொரு கவிதையும் தேதி, ஊர், கவிஞர் விரும்பும் பெயர் ஆகியவற்றோடு அதில் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், சிறு வெளியீடாக அச்சாகும். தட்டச்சு வேலை மாணவர்களுடையது. கவிஞரைக் கேட்காமல் யாரும் கைப்பேசியில் எடுத்துப் போடக் கூடாது. சாதி மாறிக் காதலித்ததை எழுதிய பெண் தன் பெயர் வெளியே போகக் கூடாது என்றால் போகக் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இரண்டு கேள்விகள்

ஒன்று, தரம். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றால் தரம் என்ன ஆகும் என்று இலக்கிய நண்பர்கள் கேட்கக்கூடும். ஆண்டுக்கு ஒரு முறை கைதட்டலுக்கு வாசிக்கும் கவிஞருக்கு வளர வழியில்லை. மாதந்தோறும் அதே முப்பது பேர் முன்னால் வாசிக்கும் கவிஞர் போன மாதம் சொன்னதையே திரும்பச் சொல்ல முடியாது. சொன்னால் முன்வரிசையில் இருக்கும் சின்னப் பையனே சொல்லிவிடுவான். தரம் அப்படித்தான் வரும். ஒரு சொல்லை வைத்துச் சண்டை போடுகிற கேட்பவர்கள் எந்தக் கவிஞருக்கும் எளிதில் கிடைக்க மாட்டார்கள்.

இரண்டு, முகநூல் இருக்கும்போது இது எதற்கு? முகநூலில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே விருப்பக்குறி போடுகிறவர் ஏற்கெனவே நம் பக்கம் நிற்கிறவர். கவிதைக்குள் இருக்கும் மனிதர், அந்தக் களை வெட்டுகிற அக்கா, அந்த லாரியில் கிளீனராகப் போகிற தம்பி, பெரும்பாலும் அங்கே அதைப் படிப்பதில்லை. தன்னைப் பற்றி ஒருவர் எழுதியதைத் தன் தெருவில் உட்கார்ந்து கேட்கும்போது அவருக்குள் ஒன்று நடக்கிறது. என் வாழ்க்கையும் சொல்லத் தக்கதுதான் என்று தோன்றுகிறது. அடுத்த மாதம் அவரே ஒன்று கொண்டு வருவார். இயக்கம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் விதை அதில் இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று நாள் மட்டும் கூடுகிறவர்கள் கூட்டமாக இருக்கலாம். மாதந்தோறும் கூடுகிறவர்களுக்கு ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தெரியும். நெருக்கடி வரும் நாளில் வேண்டியது அந்த அறிமுகம்.

தோழர்களே, வெண்மணியின் 44 பேரும் இறந்த விதத்தை நாம் அறிவோம். அவர்கள் பாடிய நடவுப்பாட்டு எது, எதற்குச் சிரித்தார்கள், யார் யாரோடு கோபித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் நம்மிடம் இல்லை. அதைக் கேட்டு வைத்துக்கொள்ள அன்று ஆள் இல்லை. இன்று இருக்கிறோம்.

முதல் வாசிப்பு வரும் ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, மாலை 4 மணிக்கு. எந்தக் காலனியில் என்பதை உங்கள் ஊர்க்காரர்களிடம் பேசி இந்த வாரத்துக்குள் முடிவு செய்வோம். தங்கள் தெருவில் வைக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் பெயர் கொடுங்கள். வாசிக்க வருகிறவர்கள் மேடை நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியில் இருக்கும் நோட்டை எடுத்து வாருங்கள்.

ஜெய்பீம்.